சுற்றுக்கும் வேண்டும் வெள்ளோட்டம்

புதிதாய்ச் செய்த தேரைத் திருவிழா நாளில் நேரே தெருவில் இறக்குவதில்லை. முன்னதாகவே வெறுந்தேரை இழுத்து, அச்சு முறுகுகின்றதா, உருளை சாய்கின்றதா, தெருமுனையில் திரும்புகின்றதா என்று பார்ப்பர். அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் வெள்ளோட்டம். மின்னணுச் சுற்றுகளைச் செய்து முடிக்குமுன் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் இன்று உள்ளன. ஆங்கிலத்தில் அதனைச் சிமுலேசன் என்பர். ஒப்புருவாக்கம் என்று தமிழில் எழுதுவாரும் உளர். யாம் வெள்ளோட்டம் என்றே எழுதுகின்றோம். உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் கேட்டவுடன் விளங்கும் சொல் அது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பிள்ளைகளை எண்ணியே இதனை எழுதுகின்றோம். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயக் கொல்லைகளுக்கும் கரிசல் நிலத்துப் பருத்தி, மக்காச்சோளத்துக்கும் அங்கே கிணற்று நீரே உயிர். மும்முனை மின்னில் ஒரு முனை அறுந்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மின்னோடி உடனே நின்றுவிடுவதில்லை. எஞ்சிய இரு முனைகளிலிருந்தும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு முக்கி முனகி ஓடும். சற்று நேரத்தில் சுருள் கருகும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அதனை மேலே தூக்கி, சுருள் கட்டும் கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நாள்களில் பயிர் காத்திருக்காது.

இதனைத் தடுக்கும் காப்புக் கருவிகள் கடையில் விற்கின்றன. ஆயின் அக்கருவியின் உள்ளே இருப்பதை மின்னணுவியல் படிக்கும் அவ்வுழவர் மகனே வகுக்க முடியும். வகுத்ததைத் தந்தையின் மின்னோடியில் முதன்முதலாகப் பூட்டிப் பார்க்கலாமா? அதற்குத்தான் வெள்ளோட்டம்.

அக்கருவியின் முதற்பகுதி, ரிலேக்கு வேண்டிய 12 வோல்ட்டு நேர்மின்னைத் தரும் சிறு சுற்று. 230 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் மின்மாற்றி ஒன்று, டையோடு எனப்படும் இருமுனையம் நான்கு, மின்தேக்கி ஒன்று, அவ்வளவே. 12 வோல்ட்டு மாறுமின்னின் முகடு ஏறத்தாழ 17 வோல்ட்டு. இருமுனையங்கள் 1.4 வோல்ட்டை விழுங்க, 15.6 எஞ்சும். 1000 மைக்ரோபாரடு மின்தேக்கி வைத்து 100 மில்லியாம்பியர் எடுத்தால், அதில் ஒரு வோல்ட்டளவு அலைவு இருக்கும். 1000-ஐ 100 ஆக்கினால் மின்னழுத்தம் பள்ளத்தில் விழுந்து விழுந்து எழுவதைத் திரையில் காணலாம். கரும்பலகையில் ஒரு மணிநேரம் விளக்கியும் பதியாதது, இவ்வாறு ஓர் எண்ணை மாற்றிப் பார்த்ததும் பதிந்துவிடும்.

இனி, ஊரின் மின்னழுத்தத்தை உள்ளே விடுவோம். எல்லாரும் நீரிறைக்கும் வேளையில் 170 வோல்ட்டே வருகின்றது என்க. நம் 15.6 வோல்ட்டு 11 ஆகச் சுருங்கும்; அலைவின் பள்ளத்தில் 10. ரிலே ஈர்க்குமா என்பது ஐயமாகிவிடும். நள்ளிரவில் 260 வோல்ட்டு வந்தால் அதுவே 18-ஐ நெருங்கும். 16 வோல்ட்டு எனப் பொறித்த மின்தேக்கியை வாங்கி வைத்தவன் கதி என்ன? கணினியில் அது வெடிக்காது. மென்பொருள் 18 என்று கோடு வரைந்துவிட்டு வாளாவிருக்கும். மின்தேக்கியின் தாங்குதிறனை எவரும் அதற்குச் சொல்லவில்லை. எனவே அது எச்சரிக்கவும் இல்லை. கேட்டதற்கு மட்டுமே விடை சொல்லும் கருவி அது. கேட்கத் தெரிய வேண்டுமெனின், படித்தது தன் மொழியில் நெஞ்சில் இறங்கியிருக்க வேண்டும். மனப்பாடக் கல்வி பெற்றவன் திரையில் அழகான கோடு வந்தவுடன் மனநிறைவோடு எழுந்துபோவான்.

இக்கருவிகளின் தாய் இசுபைசு என்னும் நிரல். அமெரிக்காவின் பெர்க்கிலியில், பேராசிரியர் இரோரரின் வகுப்பு மாணவர் எழுதிய நிரலொன்றே அதன் முன்னோடி. அம்மாணவருள் ஒருவரான நேகல், பேராசிரியர் பெடர்சனின் கீழ் அதனை வளர்த்து 1973-இல் உலகுக்கு அளித்தார். தளையின்றி எவர்க்கும் தருதல் வேண்டும் என்பது பெடர்சனின் உறுதி. அவ்வழியில் வந்த கட்டற்ற மென்பொருள்களை இணைத்து மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் ஈசிம் என்னும் வெள்ளோட்டக் கருவியை ஆக்கியுள்ளனர். விலை ஏதுமில்லை. அக்கழகத்தின் பேசும் பாடத் திட்டம் பற்பல மென்பொருள்களுக்குத் தமிழிலும் விளக்கம் தருகின்றது. மும்பையில் இருப்போர்க்குத் தோன்றிய கடமை, தமிழகத்தில் பொறியியல் கற்பிப்போர் அனைவர்க்கும் தோன்றியிருக்க வேண்டாவா?

"ஆங்கிலம் அறியாதவன் இதனைத் தொட இயலாது" என்பார்க்கு ஒன்று சொல்வோம். இசுபைசுக்கு எழுதித் தரும் வரி ஆங்கிலமே அன்று. உறுப்பின் குறியீடு, அது சேரும் இரு முனைகளின் எண், அதன் அளவு என்பனவே அவ்வரி. இடறுவது வேறிடத்தில். மெகா ஓம் என்றெண்ணி ஆங்கிலப் பேரெழுத்து 'எம்' இட்டால், அந்நிரல் அதனை மில்லி என்றே கொள்ளும். பத்துலட்சம் ஓம் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்காய்ச் சுருங்கும். மெகாவுக்கு 'மெக்' என மூன்றெழுத்தும் எழுதல் வேண்டும். கோப்பின் முதல் வரியைத் தலைப்பு என்றே அது கொள்ளும். அங்கே எழுதிய உறுப்பு சுற்றில் சேராது. சைன் அலைக்கு 12 என்று எழுதினால் அது முகட்டின் அளவு. 17 என்றே எழுத வேண்டும். ஒரு முனைக்குத் தரைமுனையோடு தொடர்பில்லையெனின், 'அணி தீர்வற்றது' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும். தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்த பிள்ளை கணினியை அணைப்பது அவ்வரியைக் கண்டுதான். "எங்கோ ஒரு முனை தொங்குகின்றது, தரையோடு இணை" என்று எவரேனும் சொல்லியிருந்தால் ஓட்டியிருப்பான்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலுமே இடம்பெற்றன. 2023 மேத் திங்களில் உறுப்புக் கல்லூரிகளில் அவற்றையும் நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அரசின் ஆணைக்குக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

நம்மவர் குறையையும் மறைக்க வேண்டா. மின்தேக்கியா, கொண்மியா என்று பக்கம் பக்கமாகப் பூசலிடுகின்றோம். அப்பூசல் முடியுமுன் மாணவன் படிப்பையே முடித்துப் போய்விடுகின்றான். பள்ளி நூலில் மின்தேக்கி என்று படித்து வந்தவனுக்கு மின்தேக்கி என்றே தொடர்ந்து சொல்வோம்.

அரியலூர், பெரம்பலூர் பலதொழில்நுட்பப் பயிலக ஆசிரியர்களையும் தொழிற்பயிற்சி நிலையத்தாரையும் வேண்டுகின்றோம். வெள்ளோட்டத்தில் வரும் ஒவ்வொரு பிழைச் செய்திக்கும், அஃது ஏன் வந்தது, என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் இரண்டிரண்டு வரி எழுதுங்கள். ஐம்பது செய்திகள் போதும்; ஆய்வகச் சுவரில் ஒட்டக்கூடிய தாளாகும். கிணற்று மின்னோடிக் காப்புச் சுற்றை முதற்பயிற்சியாக வையுங்கள். எழுதியதை எமக்கு விடுத்தால், வரும் இதழ்களில் நான்கு பக்கம் அதற்கென ஒதுக்குவோம்.