விற்பனைக்கு அல்லாத இருக்கை

பிரியமானவர்களே, "பணம் கொடுத்தேன், விரும்பிய விலைக்கு விற்பேன்" என்று இங்கிலாந்தில் கால்பந்துச் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் ரசிகர் சொன்னால், அது நியாயம்போலத் தோன்றும். ஏமாந்துபோகாதிருங்கள். அவர் பெற்றது சரக்கு அன்று. பருவம் முழுவதும் வந்து அமர்வார் என்னும் நம்பிக்கையில் தரப்பட்ட இடம். பெரிய கழகங்களில் அந்த இடத்துக்காகப் பல்லாண்டுகள் காத்திருப்போர் உண்டு.

அனுமதியற்ற மறுவிற்பனையை அங்கே 1994ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது. எதிரணி ரசிகர்கள் கலந்து மோதாமல் காப்பதே அதன் நோக்கம், பேராசையைத் தடுப்பதன்று. அந்தப் பொறுப்பு மனச்சாட்சியைச் சேர்ந்தது.

உங்கள் கையில் அத்தகைய டிக்கெட் இருந்து, போக இயலாதுபோனால், கழகத்தின் வழியாகவே விட்டுக்கொடுங்கள். கொடுத்த விலையே போதும். அயலானின் ஆவலை விலைபேசி ஈட்டும் பணம் ஆதாயமன்று, அநியாயம்.