மாப்பிள்ளை வாட்ச்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்தப் புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கிறோம். ஜரிகையைத் தடவிப் பார்க்கிறோம். மாப்பிள்ளை வாட்சுக்கு மட்டும் விலையைக் கேட்பதோடு சரி. ஏன் சார்?

கார்ட்டியே டேங்க் 1917-ல் உருவான டிசைன். ரிவர்ஸோ 1931-ல் வந்தது. இரண்டுமே செவ்வகம். இந்தியாவில் போலோ ஆடிய வெள்ளைக்கார அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி உடையாதிருக்க, முகத்தைத் திருப்பி வைக்கும்படி செய்ததுதான் ரிவர்ஸோ. மணமேடையில் யார் போலோ ஆடப் போகிறார்கள்? பட்டுச் சட்டையின் கைக்குள் நழுவிப் போகிற டேங்க்கே போதும்.

அதுவும் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், லட்சங்கள் கொடுத்தும் இரவல் வாட்ச் மாதிரிதான் தெரியும். லட்சமே வேண்டாமா? ஓசூர் டைட்டன் 2002-ல் கொண்டுவந்த எட்ஜின் தடிமன் 3.5 மில்லிமீட்டர்தான்.

மாமனார்களே, பில்லைப் பார்க்காதீர்கள். பையனின் கையைப் பாருங்கள்!