கூகை என்ன குற்றம் செய்தது?

பனி மூடிய மலைநாடுகளில் கரடியும் மானும் வீட்டு வாசலுக்கே வருவதைக் காணொளியில் கண்டு நம் பிள்ளைகள் வியக்கின்றனர். நாமும் அருகில் அமர்ந்து வியக்கிறோம். ஆனால் அதே பிள்ளை, கொல்லையில் வந்தமரும் கூகையைப் பார்க்க எழுந்தால், “பார்க்காதே, உள்ளே வா!” என்று கதவைச் சாத்துகிறோம். இஃது என்ன நியாயம்?

ஜாசின் மாவட்டச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வாழும் என் ஐந்தாம் ஆண்டு மாணவன், வீட்டின் பின்னே தூணில் பொருத்தியிருந்த கூகைப் பெட்டியை மாலைதோறும் கவனித்துக் குறிப்பெழுதி வந்தான். இருட்டியதும் பெரிய பறவை வெளியேறும், குஞ்சுகள் சீறும், சற்று நேரத்தில் எலியோடு திரும்பும். நான் கற்பிக்காத பாடம் அது.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாட்டி காலமானார். நெடுநாள் நோயாளி அவர். “ஆந்தை அலறியது, சாவு வந்தது” என்றனர் பெரியவர்கள். மறுநாள் பெட்டி தரையில் உடைந்து கிடந்தது.

“ஐயா, எலியைத் தின்னும் பறவை எப்படிப் பாட்டியைக் கொல்லும்?” என்று கேட்டான் அவன். பெற்றோர்களே, விடை சொல்லுங்கள்!

அந்தப் பெட்டி எலிகளை ஒழிக்கத் தோட்ட நிருவாகம் வைத்தது. ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை உண்கின்றன. எலி செம்பனைக் குலையைக் கடிப்பதோடு நிற்பதில்லை; அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் பரவுகிறது. கூகையை விரட்டினால் எலிநஞ்சைத்தான் நாடவேண்டும். நம் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் எது இருப்பது நல்லது, கூகையா, நஞ்சா?

“மூத்தோர் நம்பிக்கையைப் பழிக்கலாமா?” எனச் சிலர் கேட்பர். எந்த மூத்தோர்? ‘காலமறிதல்’ அதிகாரத்தின் முதற்குறளை (481) எழுதியவரும் நம் மூத்தவரே. கூகைக்கு இரவில் வலிமை, பகலில் தளர்ச்சி என்பதைக் கவனித்தறிந்ததால்தான் அதனை உவமையாக்க முடிந்தது. புறநானூற்றுப் புலவர் ஒருவருக்குக் கூகைக்கோழியார் என்றே பெயர். அவர்கள் பார்த்தார்கள், நாம் கதவைச் சாத்துகிறோம். குறளை மனப்பாடம் செய்த மாணவனுக்குக் கூகையைத் தெரியவில்லை என்றால், அந்தக் குறளை எப்படிக் கற்பித்தோம்?

ஆசிரியர்களே, கூட்டின் அடியில் கூகை கக்கிய உருண்டைகள் கிடக்கும். கையுறையோடு பிரித்துக் காட்டுங்கள். எலியின் தாடையும் பல்லும் கிடைக்கும். அதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் ஏது? பெற்றோர்களே, ஒரே ஒரு மாலை, பத்து நிமிடம், கூட்டின்மீது விளக்கடிக்காமல் தொலைவில் நின்று பிள்ளையோடு பாருங்கள்.

என் மாணவனின் குறிப்பேட்டில் இன்னும் பாதிப் பக்கங்கள் வெற்றாக உள்ளன. அவற்றை நிரப்பவிடுவதும் விடாததும் நம் கையில்!