கைதட்டல் வேறு, மன்னிப்பு வேறு



நீதிமன்றத்தில் குற்றம் உறுதியாகித் தண்டனை பெற்ற விளையாட்டு வீரர் மீண்டும் களம் இறங்கலாமா? நம் இல்லங்களில் இக்கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. "அல்லாஹ்வே மன்னிப்பவன்; மனிதன் மன்னிக்கக் கூடாதா?" என்பது ஒன்று. "ஒருமுறை கறை பட்டவன் என்றும் கறை பட்டவனே" என்பது மற்றொன்று. முதல் விடையை நமக்குப் பிடித்த வீரருக்கு வழங்குகிறோம். இரண்டாவதை நம் தெருவுக்குச் சிறையிலிருந்து திரும்பிய இளைஞனுக்கு வைத்திருக்கிறோம். இந்த இரட்டை அளவுகோலை எதிர்த்தே இக்கட்டுரை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுகிறேன். தண்டனையை முடித்துத் திருந்தியவருக்கு உழைத்துப் பிழைக்கும் வாய்ப்பை மறுக்கும் உரிமை நமக்கு இல்லை. அந்த உழைப்பு பந்து வீசுவதாயினும், கொடைக்கானல் மலைப்பாதையில் வாடகைக் கார் ஓட்டுவதாயினும் ஒன்றே. ஆனால் மேடையும் மாலையும் கைதட்டலும் எவருடைய உரிமையும் அல்ல. வாய்ப்பையும் புகழையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதே நம் தவறு.

குற்றம் சாட்டப்படுவதும் குற்றம் உறுதியாவதும் வேறு வேறு என்பதையும் நினைவில் கொள்வோம். 2013இல் கைதான கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்தை 2015இல் தில்லி நீதிமன்றம் வழக்கிலிருந்து விடுவித்தது. 2022இல் ஆஸ்திரேலியாவில் கைதான இலங்கை வீரர் தனுஷ்க குணதிலக்க, 2023இல் நிரபராதி எனத் தீர்ப்புப் பெற்றார். இத்தகையோருக்குத் தேவை இரண்டாம் வாய்ப்பன்று. பறிக்கப்பட்ட முதல் வாய்ப்பே. இங்கே பேசப்படுவோர் குற்றம் உறுதியானோர் மட்டுமே.

டைசனைக் கொண்டாடிய நாம்

1992 பிப்ரவரியில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகர நீதிமன்றத்தில் குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. மூன்றாண்டுச் சிறைவாசத்தில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். 1995 மார்ச் மாதம் விடுதலையானார். ஆகஸ்டிலேயே மேடை ஏறினார். மறு ஆண்டு உலகப் பட்டத்தையும் வென்றார். உலகெங்கும் முஸ்லிம்கள் மகிழ்ந்தனர். தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் அம்மகிழ்ச்சி இருந்தது.

அவர் இஸ்லாத்தைத் தழுவியதில் மகிழ்வது இயல்பு. உள்ளத்தைத் திருப்புபவன் அல்லாஹ். ஆனால் வழக்கின் மறுபுறத்தில் பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் இருந்தார். அக்குற்றத்தைத் தாம் செய்யவில்லை என்றே டைசன் தொடர்ந்து கூறி வந்தார். நம் மகிழ்ச்சிப் பேச்சுகளில் அப்பெண்ணுக்கு ஓர் இடமாவது இருந்ததா? நம் வீட்டுப் பெண்பிள்ளை அவ்விடத்தில் இருந்திருந்தால், "அவர் நம்மவராகிவிட்டார்" என்ற ஒரே சொல்லோடு கடந்து சென்றிருப்போமா?

தவ்பா என்பது நாவால் மொழியும் ஒரு சொல் மட்டுமன்று என்பதை மதரஸாவில் ஓதிய பிள்ளைகளும் அறிவார்கள். பாவத்தை விட வேண்டும். அதற்காக வருந்த வேண்டும். மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ள வேண்டும். அப்பாவம் மற்றொரு மனிதரின் உரிமையைப் பறித்ததாயின், அவ்வுரிமையைத் திருப்பித் தரவோ, அவரிடம் பொறுப்புத் தேடவோ வேண்டும். இந்த நான்காம் நிபந்தனையை நம் சார்பில் எவரும் தள்ளுபடி செய்ய முடியாது. ஹக்குல் இபாத் பாதிக்கப்பட்டவரின் சொத்து. பார்வையாளராகிய நாம் அதை மன்னிப்பது, அடுத்தவர் கடனை நாம் தள்ளுபடி செய்வதற்கு ஒப்பாகும்.

இரண்டு வழக்குகள்

2010 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் பணத்திற்காக வேண்டுமென்றே நோபால் வீசியபோது பாகிஸ்தானின் முஹம்மது ஆமிருக்கு வயது பதினெட்டு. முதலில் மறுத்த அவர், பின்னர் இலண்டன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2011 நவம்பரில் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஐந்தாண்டு விளையாட்டுத் தடையும் இருந்தது. அவருடைய தலைவர் சல்மான் பட்டுக்கு முப்பது மாதச் சிறை. ஊழல் தடுப்பு அதிகாரிகளோடு ஒத்துழைத்த ஆமிர், தடைக்காலம் முடிந்து 2016இல் நாட்டு அணிக்குத் திரும்பினார். அதே ஆண்டு அதே லார்ட்ஸில் டெஸ்ட் போட்டியும் ஆடினார். அவர் பயிற்சி முகாமுக்கு வந்தபோது உடன் ஆட மறுத்த வீரர்களும் இருந்தனர். அவர்களைக் கல்நெஞ்சர் என்று நான் கூற மாட்டேன். ஏமாற்றப்பட்டோரில் அவர்களும் அடங்குவர். ஆயினும் ஒப்புக்கொண்டு, தண்டனையை அனுபவித்து, காத்திருந்து திரும்பிய அவ்வழி நேர்வழி என்றே கருதுகிறேன்.

நம் நாட்டு வழக்கு ஒன்று இதற்கு நேர்மாறானது. 1988 டிசம்பர் 27 அன்று பட்டியாலாவில் வாகனத் தகராறு ஒன்றில், 65 வயது முதியவர் தாக்கப்பட்டு இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் இந்திய அணி வீரர் நவ்ஜோத் சிங் சித்து. வழக்கு நடந்த காலமெல்லாம் அவர் ஆடினார், வருணனையாளரானார், நாடாளுமன்ற உறுப்பினரானார். 2006இல் உயர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைக்க, இடைத்தேர்தலில் நின்று வென்றார். 2018இல் உச்ச நீதிமன்றம், காயம் விளைவித்த குற்றத்திற்கு மட்டும் ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. இறந்தவரின் குடும்பம் விடவில்லை. சீராய்வு மனுவின் மீது 2022 மே மாதம் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சம்பவம் நடந்து முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 2023 ஏப்ரலில் விடுதலையானவர், 2024இல் மீண்டும் ஐபிஎல் வருணனைக்கு வந்துவிட்டார்.

அவருடைய நகைச்சுவைத் துணுக்குகள் நமக்கு மனப்பாடம். இறந்த முதியவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? புகழ் செய்யும் வேலை இதுதான்: குற்றவாளியின் முகத்தைப் பெரிதாக்கி, பாதிக்கப்பட்டவரின் முகத்தை அழித்துவிடுகிறது. சித்து இன்று பிழைப்பதை நான் எதிர்க்கவில்லை. தண்டனைக்கு முன்பே முப்பது ஆண்டுகளாக வாய்ப்புகள் குவிந்தனவே, அதைத்தான் எதிர்க்கிறேன். அதற்குப் பெயர் இரண்டாம் வாய்ப்பன்று, சலுகை.

வஹ்ஷியின் ஈட்டி

நம் வரலாற்றில் இதற்கு வழிகாட்டுதல் உண்டு. உஹதுப் போரில் நபிகளாரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றவர், ஈட்டி எறிவதில் தேர்ந்த வஹ்ஷி. விடுதலை பெறும் ஆசையில் அதைச் செய்த அடிமை அவர். பின்னர் அவர் இஸ்லாத்தை ஏற்க வந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கதவு மூடப்படவில்லை. ஆனால் தம் கண்முன் வராமல் இருக்க இயலுமா என்று கேட்டார்கள். வஹ்ஷியும் அதன்படி ஒதுங்கி வாழ்ந்தார். அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் யமாமாப் போரில், பொய்யன் முஸைலிமாவை அதே ஈட்டியால் வீழ்த்தினார்.

இந்நிகழ்வை ஆழ்ந்து நோக்குங்கள். அவருடைய திறமையை எவரும் பறிக்கவில்லை. அது நன்மைக்குப் பயன்பட்டது. அதே வேளையில் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் துயரம் மதிக்கப்பட்டது. நபியின் உள்ளத்திற்கே அந்த உரிமை இருந்ததெனில், மகளின் மானத்தையோ தந்தையின் உயிரையோ இழந்த ஒரு குடும்பத்திற்கு அது இல்லையா? குற்றவாளியின் முகத்தைத் தொலைக்காட்சியிலும் விளம்பரப் பலகையிலும் நாள்தோறும் காணுமாறு அவர்களை நாம் கட்டாயப்படுத்தலாமா?

திரும்புதலும் நம்பிக்கையும்

ஃபிக்ஹு அறிஞர்கள் இதை இன்னும் நுட்பமாகப் பிரித்திருக்கின்றனர். கற்புள்ள பெண் மீது அவதூறு கூறித் தண்டனை பெற்றவர் தவ்பா செய்தால் அவர் சாட்சியம் செல்லுமா? சூரத்துந் நூரின் தொடக்க வசனங்களை வைத்து இமாம்கள் கருத்து வேறுபட்டனர். செல்லும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். பாவம் நீங்கும், ஆனால் சாட்சியம் செல்லாது என்பது ஹனஃபி மத்ஹப். காயல்பட்டினமும் கீழக்கரையும் முதல் கருத்தைப் பின்பற்றும் ஊர்கள். பழனி, திண்டுக்கல் பகுதி ராவுத்தர்களில் பெரும்பாலோர் இரண்டாவதைப் பின்பற்றுவோர். மன்னிப்பு ஒரு கேள்வி, நம்பிக்கைக்குரிய பொறுப்பு வேறொரு கேள்வி என்பதே இவ்விவாதத்தின் அடிப்படை. ஏற்றுக்கொள்ளும் ஷாஃபிஈ அறிஞர்களும், பாவத்திலிருந்து திரும்பியவரைச் சாட்சியாக ஏற்குமுன் சோதித்துப் பார்க்க ஒரு காலம் வேண்டும் என்றனர். அதை ஓராண்டு என்று அவர்களில் பெரும்பாலோர் கணக்கிட்டனர்.

விளையாட்டிற்கும் இதுவே பொருந்தும். ஆடுவது பிழைப்பு, அதைத் தடுக்க வேண்டாம். அணித்தலைமை, சிறுவர் பயிற்சி, பரிசளிப்பு விழாவின் சிறப்பு விருந்தினர் இருக்கை ஆகியவை அமானத். அவற்றை அவசரப்பட்டு ஒப்படைக்க வேண்டாம். பிள்ளைகளிடம் குற்றம் செய்தவரிடம் பிள்ளைகளை ஒருநாளும் ஒப்படைக்கலாகாது. அவர் தவ்பாவை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. பிள்ளைகளைக் காப்பது நம் கடமை.

"இவர்கள் திரும்பி வந்தால் இளைஞர்கள் கெட்டுப்போவார்களே" என்பர் சிலர். ஒப்புக்கொண்டு, தண்டனையை ஏற்று, தலை குனிந்து திரும்புபவரைக் கண்டு எவரும் கெடுவதில்லை. ஒன்றுமே நடவாதது போல் மாலை போடும் நம்மைக் கண்டுதான் கெடுகின்றனர்.

நம் மலையில்

இப்போது வீட்டுக்கு வருவோம். பெருமாள்மலையிலிருந்து பூம்பாறை வரை உள்ள ஊர்களில் கஞ்சா வழக்கிலோ, போதைக்காளான் வழக்கிலோ, ஒரு கைகலப்பிலோ சிக்கிச் சிறை சென்று திரும்பும் இளைஞர்கள் உண்டு. இங்கே பிழைப்பு என்பது பெரும்பாலும் சுற்றுலாவும் தோட்ட வேலையும்தான். விடுதிக்காரர் சேர்ப்பதில்லை, வண்டி வைத்திருப்பவர் சாவி தருவதில்லை, பெண் கொடுக்க எவரும் முன்வருவதில்லை. மாலையில் உள்ளூர்க் கால்பந்தாட்டக் குழுவோடு ஆடலாம் என்று மைதானத்திற்குச் சென்றால், அங்கேயும் கிசுகிசுப்பு. அவனை மீண்டும் அழைப்பவர்கள், அவனை முதலில் கெடுத்த அந்தக் கூட்டத்தினர் மட்டுமே.

மது அருந்தியதற்காகத் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்து அதே உதவியைச் செய்கிறோம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே, சிறாராக இருந்தபோது இழைத்த குற்றத்தால் பிற்காலத்தில் தகுதியிழப்பு நேரக் கூடாது என்கிறது. பெரியவராகக் கருதி விசாரிக்கப்படுவோர் மட்டுமே விலக்கு. நாட்டின் சட்டம் காட்டும் இரக்கத்தைக்கூட நாம் காட்டுவதில்லை.

ஜமாஅத்துகள் மூன்று செயல்களைச் செய்யலாம். முதலாவது, பாதிக்கப்பட்ட குடும்பத்தைச் சந்தித்து, இழப்பீடும் மன்னிப்புக் கோருதலும் நடைபெற உதவுதல். அவர்கள் மறுத்தால் அதை மதித்தல். இரண்டாவது, திரும்பியவருக்கு ஓராண்டுக் காலம் பொறுப்பேற்கும் ஒருவரை நியமித்து, வேலைக்கும் விளையாட்டுக்கும் வழி செய்தல். மூன்றாவது, அந்த ஓராண்டு நல்லபடியாக முடிந்தபின் பழைய கதையை எவரும் எடுக்கக் கூடாதென உறுதி செய்தல்.

நட்சத்திர வீரருக்கு வாய்ப்புத் தர உலகில் ஆயிரம் பேர் உண்டு. அவர் ஆட்டத்தில் அவர்களுக்கு இலாபம் இருக்கிறது. எவருக்கும் இலாபம் தராத இளைஞனுக்குத் தரப்படும் வாய்ப்பில்தான் நம் ஈமான் சோதிக்கப்படுகிறது. பாதிக்கப்பட்டோரின் கண்ணீரை மறவாத நீதியையும், திரும்பி வந்தோரைத் தள்ளாத இரக்கத்தையும் அல்லாஹ் நமக்கு ஒருசேரத் தந்தருள்வானாக. ஆமீன்.