நூறு நாள் வேலைக்காரிக்கு எதுக்கு டச் போன்?

"நூறு நாள் வேலைக்குப் போறவ கையில டச் போன பாத்தியா?"

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்த வசனம் காதில் விழும். வேடசந்தூரில் கேட்கலாம், நிலக்கோட்டையில் கேட்கலாம். சொல்கிறவர் கையில் இருப்பது இருபதாயிரம் ரூபாய் போன். அதைப் பற்றிப் பேச்சே இல்லை. காலனிப் பெண் கையில் இருக்கும் எட்டாயிரம் ரூபாய் போன்தான் கண்ணை உறுத்துகிறது.

அந்தப் போனை அவரில் பலர் ஆசைப்பட்டு வாங்கவில்லை. அரசாங்கம் வாங்க வைத்தது. (ஆசைப்பட்டு வாங்கியிருந்தால்தான் என்ன தப்பு என்பதற்குப் பிறகு வருகிறேன்.)

2006 பிப்ரவரியில் வேலை உறுதித் திட்டம் முதல் கட்டமாக நாட்டில் 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்கள்தான் அதில் இருந்தன, அதில் ஒன்று திண்டுக்கல். அன்றைக்கு வருகைப்பதிவு என்றால் மஸ்டர் ரோல். ஒரு பேனா, ஒரு மை டப்பா. 2021 மே மாதம் என்.எம்.எம்.எஸ். என்ற செயலி வந்தது. 2022 மே முதல் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தளங்களில் கட்டாயம் என்றார்கள். 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் பயனாளி வேலைகள் தவிர எல்லாத் தளங்களிலும் கட்டாயம். காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ. இடமும் நேரமும் போட்டோவோடு சேர்ந்து பதிவாக வேண்டும். போட்டோ ஏறவில்லையா, நீ வேலைக்கே வரவில்லை. வெட்டிய குழி கண்ணெதிரே கிடக்கும், ஆனால் கூலி இல்லை.

சரி, இந்தச் செயலி எதில் ஓடும்? பட்டன் போனில் ஓடாது. அப்படியானால் போனை யார் வாங்கிக் கொடுப்பது? பணித்தளப் பொறுப்பாளரே தன் காசில் வாங்க வேண்டும், ரீசார்ஜும் அவரே போட வேண்டும். 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். எட்டாயிரம் ரூபாய் போன் என்றால் 24 நாள் கூலி. ஒருவர் வேலை செய்ததற்கு அத்தாட்சி காட்டுவதற்காகவே 24 நாள் மண் சுமக்க வேண்டும்! கலெக்டர் ஆபீசில் கையெழுத்துப் போடும் எந்த அதிகாரியாவது தன் சொந்தக் காசில் வருகைப்பதிவு மெஷின் வாங்கியிருக்கிறாரா?

அந்தப் போனும் எப்படிப்பட்டது? பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கிய செகண்ட் ஹேண்ட், அல்லது தவணைக்கு எடுத்தது. உச்சி வெயிலில் சூடாகி நின்றுவிடும். சிறுமலை அடிவாரத்துப் பக்கம் போனால் டவர் கிடைக்காது. சிக்னல் தேடி வரப்பில் கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் அக்காவைப் பார்த்து ஊர்த்தெரு சிரிக்கிறது, "ரீல்ஸ் எடுக்குறாளுக" என்று.

ஊழலைத் தடுக்கத்தானே என்பார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: சம்பந்தமில்லாத போட்டோக்கள் ஏறுகின்றன, போட்டோவைப் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள் என்று. ஆக, திருடுகிறவன் செயலியையும் ஏமாற்றிவிட்டான். சிக்னல் கிடைக்காமல் கூலியை இழந்தது யார்? அந்த ஆண்டு டிசம்பரில் சட்டத்தையே மாற்றி, காந்தி பெயரையும் எடுத்துவிட்டார்கள். பெயர்தான் போனது. பயோமெட்ரிக்கும் மொபைல் கண்காணிப்பும் புதுச் சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது டீக்கடைக்காரருக்கு வருவோம். அவருடைய கேள்விக்கு வயது அதிகம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார், நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். நகை போடக்கூடாது. சட்டை, பனியன் போடக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் இருக்கக்கூடாது. மண்பானையிலிருந்து பித்தளைக்கு மாறுவதுதான் அன்றைக்கு நமக்குப் 'புது மாடல்'. 1935 நவம்பரில் குஜராத்தின் சானு கிராமத்தில் தீண்டப்படாத பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் இதைச் சொல்கிறார். இவையெல்லாம் வசதி வந்ததற்குக் கிடைத்த அடி. பட்டினி கிடந்தால் அடிக்க மாட்டார்கள்.

பழைய கதை என்று ஒதுக்குகிறீர்களா? 1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். போலீஸ் படை ஊருக்குள் புகுந்து எதை உடைத்தது? டிவி, பேன், தையல் மெஷின். வெளிநாட்டில் சம்பாதித்த காசில் வாங்கிய பொருள்களைத் தேடித் தேடி நொறுக்கினார்கள். 2012 நவம்பர் 7, தருமபுரி நத்தம் காலனி. அங்கேயும் நெருப்பு வைப்பதற்கு முன் வீட்டுச் சாமான்கள்தான் கணக்கில் வந்தன. அதே ஆண்டில்தான் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு மயக்குகிறார்கள் என்று ஒரு கட்சித் தலைவர் மேடை மேடையாகப் பேசினார். பொருள் மாறிக்கொண்டே வருகிறது: குடம், செருப்பு, சைக்கிள், டிவி, கூலிங் கிளாஸ், போன். கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது: "உனக்கு எதுக்கு?"

இதற்கு மறுபக்கமும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளின் ஹாஸ்டல்களில் இளம்பெண்களைத் தங்கவைத்து வேலை வாங்கியது உங்களுக்குத் தெரியும். சுமங்கலித் திட்டம் என்று அழகான பெயர் வேறு. பல ஹாஸ்டல்களில் அந்தப் பெண்கள் போன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வீட்டுக்குப் பேச வேண்டுமானால் வார்டன் பக்கத்தில் நிற்பார். அம்மா ஏரிக்கரையில் போன் இல்லாவிட்டால் கூலி இல்லை, மகள் மில்லுக்குள் போன் இருந்தால் வேலை இல்லை. இரண்டு இடத்திலும் கேமரா யார் கையில் இருக்க வேண்டும் என்பதை முதலாளியோ அதிகாரியோதான் முடிவு செய்கிறார்.

2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளி, தலித் பெண் ஜெயஸ்ரீ கதிரவேல் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அதன் பிறகு தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' போட்டது. பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடிந்த இடத்தில்தான் சங்கம் வளரும். போனைப் பிடுங்குகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இடையில் ஒரு குரல் நம் கூட்டங்களிலேயே கேட்கிறது. "ஸ்மார்ட் போனை விட்டுட்டு பட்டன் போனுக்கே திரும்பிட்டேன் தோழர், மனசு லேசா இருக்கு." நல்லது. உங்கள் வீட்டில் லேப்டாப் இருக்கிறது, ஸ்காலர்ஷிப் விண்ணப்பிக்க பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்க வேண்டியதில்லை. பட்டன் போனை நானும் மதிக்கிறேன். வாரம் முழுக்க சார்ஜ் நிற்கும், இருட்டில் ஓடைப்பக்கம் ஒதுங்கும் பெண்களுக்கு அதன் டார்ச்தான் துணை. ஆனால் அதைத் துறவாக்கி எங்களுக்குப் போதிக்காதீர்கள். எங்கள் பாட்டிமார் பலருக்கு வாக்காளர் அட்டையில் இருப்பதைத் தவிர வேறு போட்டோ கிடையாது. பேத்தி கையில் கேமரா வந்து எத்தனை வருஷம் ஆகிறது?

தம்பிகளே, தங்கைகளே, கடைசியாக ஒரு வேலையைச் சொல்கிறேன். தீபாவளி ஆபரில் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் தள்ளுவதற்கு முன் நில்லுங்கள். அதில் தகராறு வீடியோ இருக்கிறதா? சாதி சொல்லித் திட்டிய ஆடியோ இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் அனுப்பியாச்சே, போதும் என்று நினைக்காதீர்கள். அனுப்பும்போது கோப்பு சுருங்கும், முதல் பதிவின் அடையாளம் போய்விடும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63ன் கீழ் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் கீழ் 2020ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? முதலில் பதிவான கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறி நிரூபித்தால் தனிச் சான்றிதழ் தேவையில்லை என்றது. கீறல் விழுந்த அந்தப் பழைய போனுக்குக் கடைக்காரர் தருவது ஐந்நூறு ரூபாய். வழக்கில் அதன் மதிப்பு வேறு.

கோகுல்ராஜ் வழக்கை யோசித்துப் பாருங்கள். 2015ல் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் கேமரா பதிவு இல்லாதிருந்தால் 2022 தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? நம் பழனியின் கௌசல்யா கண்ணெதிரே உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டியதை நாடு பார்த்ததும் சிசிடிவியில்தான். அந்தக் கேமராக்கள் எதுவும் நம்முடையவை அல்ல. எல்லாத் தெருவிலும் அவை இருக்கப்போவதும் இல்லை, காலனித் தெருவில் நிச்சயமாக இல்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோ பதிவு செய்யச் சொல்கிறது. அடுத்த முறை பாதிக்கப்பட்டவரோடு ஸ்டேஷனுக்கோ கோர்ட்டுக்கோ போகும்போது எழுத்து மூலம் அதைக் கேளுங்கள். போனை உள்ளே கொண்டு வராதே என்று சொல்வார்கள். சரி, உங்கள் கேமரா எங்கே என்று கேளுங்கள். பழைய போனை சார்ஜ் போட்டு, சிம்மை எடுத்துவிட்டு, தேதியும் சம்பவமும் எழுதிய உறையில் போட்டு பீரோவில் வையுங்கள்.