கோடி சேர்ந்த பின்னும் ஏன் இந்த ஓட்டம்?

ஏழு தலைமுறை உட்கார்ந்து தின்றாலும் தீராத சொத்து சேர்ந்துவிட்டது. மாளிகை இருக்கிறது, கப்பல் போன்ற கார் இருக்கிறது, கை கட்டி நிற்க ஆள் இருக்கிறது. அதற்குப் பிறகும் முதலாளி ஓடிக்கொண்டே இருக்கிறாரே, ஏன்?

இந்தக் கேள்விக்கு முதலாளிகளின் பத்திரிகைகளும் புத்தகங்களும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கின்றன. “அவர் பணத்துக்காக ஓடவில்லை. சாதிக்க வேண்டும் என்ற தாகம் அவரை ஓட்டுகிறது. நாலு பேருக்கு வேலை கொடுக்க வேண்டும், நாட்டை உயர்த்த வேண்டும் என்ற லட்சியம் அவரைத் தூங்கவிடுவதில்லை!”

கேட்கக் கண்ணீர் வருகிறது அல்லவா? இந்தத் தாகம் அவரோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. நம் தொண்டையிலும் அதைத் திணிக்கிறார்கள். 2023 அக்டோபரில் ஒரு பெரிய கணினிக் கம்பெனியின் ஸ்தாபகர், இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். 2025 ஜனவரியில் இன்னொரு பெரிய கம்பெனியின் தலைவர், 70 போதாது, 90 மணி என்றார். அதே சமயம் தொழிலாளி கூலி உயர்வு கேட்டால் என்ன சொல்கிறார்கள்? “போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து!” மருந்து நமக்கு மட்டும்தான். அவர்களுக்கு அந்த நோயே இல்லையாம்.

நம் தோழர்களிடமும் ஒரு பதில் உண்டு. மில் வாசலிலும் களத்துமேட்டிலும் அடிக்கடி கேட்கிற பதில்: “பேராசை, தோழர். வேறென்ன?” இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்தப் பதில் போதாது. பேராசைதான் காரணம் என்றால், நல்ல மனிதன் ஒருவன் முதலாளியாக வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆகிறது. அப்படி நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். ஆகவே ஒரு முதலாளியின் கதையைப் பார்ப்போம். “போதும்” என்று தன் கையாலேயே எழுதி வைத்த முதலாளி அவர்.

ஒரு நெசவாளியின் மகன்

ஆண்ட்ரூ கார்னகி 1835-ல் ஸ்காட்லாந்தில் டன்பர்ம்லின் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் கைத்தறி நெசவாளி. தொழிலாளிக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று போராடிய சாசன இயக்கத்தில் சேர்ந்திருந்தவர். நீராவித் தறி வந்தது, கைத்தறி படுத்தது, அடுப்பு அணைந்தது. நம் ஊர் நெசவாளிக் குடும்பங்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

1848-ல் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. பிட்ஸ்பர்க் பக்கத்தில் குடியேறியது. 13 வயதுப் பையன் பஞ்சு மில்லில் பாபின் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனான். விடியுமுன் போய், இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும். வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். பிறகு தந்தி ஆபீசில் வேலை, அதற்குப் பிறகு ரயில்வேயில் உத்தியோகம். அங்கே மேலதிகாரிகளின் தயவால் பங்கு வாங்கவும் விற்கவும் கற்றார். பணம் பணத்தைக் குட்டி போட்டது.

1868 டிசம்பரில், 33 வயதில், நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் உட்கார்ந்து தனக்குத்தானே ஒரு சீட்டு எழுதிக்கொண்டார். வருஷ வருமானம் 50,000 டாலர் வருகிறது; இதற்கு மேல் சம்பாதிக்க முயலக்கூடாது; மிஞ்சுவதைத் தர்மத்துக்குச் செலவிட வேண்டும்; 35 வயதில் வியாபாரத்தை விட்டுவிட வேண்டும். பணம் சேர்ப்பதிலேயே நினைப்பை வைத்திருந்தால் தான் மீளமுடியாத இழிநிலைக்குப் போய்விடுவோம் என்றும் அதில் எழுதினார்.

தோழர்களே, கவனியுங்கள். இந்த மனிதர் வறுமையை அறிந்தவர். பணவெறி தன்னைக் கெடுக்கும் என்பதையும் அறிந்தவர். யாரும் கட்டாயப்படுத்தாமல் தனக்கு வரம்பு கட்டிக்கொண்டவர். அப்படியானால் 35 வயதில் நிறுத்தினாரா?

இல்லை. இன்னும் 30 வருஷத்துக்கு மேல் ஓடினார். 1875-ல் பிராடக் என்ற இடத்தில் பெரிய எஃகு ஆலையை ஓட்டத் தொடங்கினார். 1883-ல் ஹோம்ஸ்டெட் ஆலையை விலைக்கு வாங்கினார். 1900-ல் கார்னகி எஃகுக் கம்பெனியின் ஒரு வருஷ லாபம் 4 கோடி டாலர். அதில் அவர் பங்கு மட்டும் சுமார் இரண்டரைக் கோடி. “இதற்கு மேல் வேண்டாம்” என்று எழுதிய தொகையைப் போல 500 மடங்கு!

சீட்டு என்ன ஆயிற்று? மனம் மாறிவிட்டாரா? கெட்டவராகிவிட்டாரா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஓடாதவன் நசுங்குவான்

பழைய காலத்து மிராசுதாரை நினைத்துப் பாருங்கள். அவனும் சுரண்டினான், அடித்தான், பிடுங்கினான். ஆனால் அவன் பிடுங்கியது நெல். குதிர் நிறைந்தால் ஒரு வரம்பு வருகிறது. தின்றது போக, கோயிலுக்கும் கச்சேரிக்கும் கொடுத்தது போக மிஞ்சிய நெல்லை வண்டு தின்னும். முதலாளி பிடுங்குவது நெல் அல்ல, பணம். பணத்தை வண்டு தின்னாது. அது மறுபடி யந்திரமாகவும் கூலியாகவும் மாறி, இன்னும் பெரிய பணமாகத் திரும்பி வரும். அதற்குக் குதிரும் கிடையாது, வரம்பும் கிடையாது.

வரம்பு இல்லை என்பது மட்டும் அல்ல. நிற்க முடியாது என்பதும் உண்டு. ஒரு ஊரில் இரண்டு நூல் மில்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் புது யந்திரம் போடுகிறான். பத்துப் பேர் பார்த்த வேலையை ஆறு பேரிடம் வாங்குகிறான். அவன் நூல் விலை இறங்குகிறது. மற்றவன் நல்லவன், “எனக்கு இந்த லாபம் போதும்” என்கிறான். ஆறு மாதத்தில் அவன் நூல் கிடங்கில் தேங்கும். ஒரு வருஷத்தில் பாங்க் வந்து கதவில் பூட்டுப் போடும். அவன் மில்லையும் முதலாமவனே வாங்கிக்கொள்வான். சிறிய அளவில் இதை நம் வயலிலேயே பார்க்கலாம். அறுவடை யந்திரத்தைக் கடனில் வாங்கியவன் ராத்திரியும் விளக்குப் போட்டு ஓட்டுகிறான். ஏன்? தவணை அவனைப் பிடரியில் கை வைத்துத் தள்ளுகிறது.

கார்னகியின் தொழிலும் இப்படித்தான் நடந்தது. 1870-களின் தொடக்கத்தில் ரயில் தண்டவாள எஃகு டன் 100 டாலருக்கு மேல் விற்றது. 1898-ல் 20 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. இந்தச் சரிவில் பிழைக்க ஒரே வழி, செலவைக் குறைப்பது. நல்ல நிலையில் இருக்கும் யந்திரத்தையும், அதைவிட மலிவாக வேலை செய்யும் யந்திரம் வந்தால், உடைத்துப் போட்டார். மந்தம் வந்தபோது மற்றவர்கள் உலையை அணைத்தார்கள். இவர் விலையைக் குறைத்து ஆலையை முழு வேகத்தில் ஓட்டினார். நொடித்தவர்களின் ஆலையை மலிவாக வாங்கினார்.

1867-ல், கார்னகி அந்தச் சீட்டை எழுதுவதற்கு ஒரு வருஷம் முன்பு, மார்க்சின் மூலதனம் முதல் பாகம் வெளிவந்தது. முதலாளி என்பவன் மூலதனத்தின் மனித உருவம்; போட்டி அவனைத் தன் மூலதனத்தை ஓயாமல் பெருக்கும்படி நிர்ப்பந்திக்கிறது என்று அதில் மார்க்ஸ் விளக்கினார். கார்னகி தன் மனசாட்சியிடம் கேட்டு வரம்பு எழுதினார். அவருடைய மூலதனம் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடவில்லை.

ஹோம்ஸ்டெட்

செலவைக் குறைப்பது என்றால் யந்திரச் செலவு மட்டுமா? கூலியும் செலவுதான். சங்கமும் செலவுதான்.

1886-ல் கார்னகி ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். தொழிலாளிக்குச் சங்கம் சேர உரிமை உண்டு, வேலைநிறுத்தம் செய்பவனின் வேலையை இன்னொருவன் பறிக்கக்கூடாது என்று அதில் பேசினார். ஆகா, எவ்வளவு நல்ல முதலாளி!

ஆறு வருஷம் கழித்து, 1892-ல், ஹோம்ஸ்டெட் ஆலையில் ஒப்பந்தம் முடிந்தது. அங்கே சுமார் 3,800 தொழிலாளிகள். எஃகு விலை எவ்வளவு இறங்கினாலும் அவர்களின் கூலி அதற்குக் கீழே போகாதபடி ஒரு அடிமட்டம் ஒப்பந்தத்தில் இருந்தது. அதை இறக்க வேண்டும், சங்கத்தை ஒழிக்க வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. இனி இந்த ஆலையில் சங்கம் கிடையாது என்ற அறிவிப்பின் நகலைக் கார்னகியே ஏப்ரலில் எழுதித் தன் கூட்டாளி ஹென்றி பிரிக்குக்குக் கொடுத்தார். பிறகு ஸ்காட்லாந்துக்கு ஓய்வெடுக்கப் போய்விட்டார்.

பிரிக் ஆலையைச் சுற்றி முள்கம்பி வைத்த உயரமான பலகை வேலி அடித்தார். கதவடைப்புச் செய்தார். ஜூலை 6 விடியற்காலையில் பிங்கர்ட்டன் கம்பெனியின் கூலிப்படை 300 பேர், துப்பாக்கிகளோடு இரண்டு படகுகளில் ஆற்று வழியாக வந்து இறங்கினார்கள். தொழிலாளிகளும் அவர்களுடைய பெண்களும் கரையில் திரண்டு தடுத்தார்கள். பகல் முழுவதும் சண்டை நடந்தது. ஏழு தொழிலாளிகளும் கூலிப்படையினர் மூவரும் செத்தார்கள். கூலிப்படை சரணடைந்தது. அடுத்த வாரமே சர்க்கார் 8,000-க்கு மேற்பட்ட சிப்பாய்களை அனுப்பிக் கருங்காலிகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. நவம்பரில் போராட்டம் முறிந்தது. சங்கம் உடைந்தது.

அப்புறம்? கூலி இறங்கியது. நாளைக்கு 12 மணி வேலை நிலைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஷிப்டு மாறும்போது 24 மணி நேரம் தொடர்ந்து உலை முன்னால் நிற்க வேண்டும். “சாதிக்க வேண்டும்” என்ற அந்தத் தாகம் யாருடைய வியர்வையைக் குடித்துத் தணிந்தது என்று இப்போது தெரிகிறதா?

பசுவைக் கொன்று செருப்புத் தானம்

“ஆனால் அவர் தர்மபிரபு அல்லவா? நூல்நிலையம் கட்டிக் கொடுத்தாரே!” என்று ஒரு குரல் எழும். கட்டினார். உலகம் பூராவும் 2,509 நூல்நிலையங்கள். இறப்பதற்குள் சுமார் 35 கோடி டாலர் தானம் செய்தார். அந்த நூல்நிலையங்களில் படித்து முன்னேறிய ஏழைப் பிள்ளைகள் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை.

நாம் கேட்பது வேறு. 1898-ல் ஹோம்ஸ்டெட்டிலும் ஒரு நூல்நிலையம் திறந்தார். 12 மணி நேரம் உலையில் வெந்து வீடு திரும்பும் மனிதன் எந்தக் கண்ணால் படிப்பான்? 1889-ல் எழுதிய கட்டுரையில் கார்னகி இதற்கு ஒரு நியாயமும் சொல்லிவைத்தார்: பணத்தைச் சிறு சிறு தொகையாக ஜனங்களிடம் பிரித்துக் கொடுத்தால் அது வீணாகிவிடும், செல்வந்தன் கையில் சேர்ந்து, அவன் அறிவால் பொதுக் காரியத்துக்குச் செலவானால்தான் பலன். அதாவது, உன் கூலியை உன்னிடம் கொடுத்தால் உனக்குச் செலவழிக்கத் தெரியாது. நான் பிடித்து வைத்து உனக்குப் பதிலாகத் தர்மம் செய்கிறேன்! 2010-ல் அமெரிக்கக் கோடீஸ்வரர்கள் பாதிச் சொத்துக்கு மேல் தானம் செய்வதாக வாக்குறுதி கொடுக்க ஆரம்பித்தார்களே, அதுவும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பாடம்தான். தானம் எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பதைத் தீர்மானிப்பவன் கொடுப்பவன். கூலியைத் தீர்மானிப்பதில் உழைப்பவனுக்கும் குரல் உண்டு. அந்தக் குரல்தான் அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

அவர் நின்றார், ஆலை நின்றதா?

இன்னொரு கேள்வியும் நியாயமானது. கார்னகி கடைசியில் நிறுத்தினாரே? உண்மைதான். 1901-ல் கம்பெனியை ஜே.பி. மார்கன் கூட்டத்துக்கு 48 கோடி டாலருக்கு விற்றார். அவர் பங்கு 22 கோடிக்கு மேல். அதைக் கடன் பத்திரங்களாக வாங்கிக்கொண்டார். வட்டி 5 சதவீதம். கணக்குப் போடுங்கள்: கை கட்டி உட்கார்ந்திருந்தாலும் வருஷத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல்!

இந்த வட்டி எங்கிருந்து வரும்? அதே ஹோம்ஸ்டெட்டிலிருந்து, அதே பிராடக்கிலிருந்து, அதே 12 மணி நேரத்திலிருந்து. மார்கன் அமைத்த அமெரிக்க எஃகு டிரஸ்டின் மூலதனம் 140 கோடி டாலர் என்று காகிதத்தில் எழுதப்பட்டது. அவ்வளவு பெரிய தொகைக்கும் வட்டியும் லாபமும் உலை முன்னால் நின்றவனே சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். மனிதர் ஓய்வெடுத்தார். மூலதனம் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. வண்டியிலிருந்து ஓட்டுகிறவன் இறங்கினான். வேறொருவன் ஏறிச் சாட்டையை எடுத்தான். நுகத்தடி மாட்டின் கழுத்திலேயே இருந்தது.

“போதும்” என்று சொல்ல வேண்டியவர்கள்

1919 ஆகஸ்ட் 11-ல் கார்னகி செத்தார். ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 22-ல், அமெரிக்க எஃகுத் தொழிலாளிகள் சுமார் மூன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதல் கோரிக்கைகளில் ஒன்று, 8 மணி நேர வேலை. அடக்குமுறையால் 1920 ஜனவரியில் தோற்றார்கள். ஆனால் கிளம்பிய நெருப்பு அணையவில்லை. எஃகு ஆலைகளின் 12 மணி வேலை ஊர் அறிந்த அசிங்கமாகிவிட்டது. 1923-ல் கம்பெனிகள் அதைக் கைவிட வேண்டி வந்தது. 1937 மார்ச்சில் அந்த டிரஸ்டு சங்கத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி. 1868-ல் ஒரு நல்ல மனிதர் தன் சீட்டில் எழுதியும் கட்ட முடியாத வரம்பை, தொழிலாளிகள் சேர்ந்து நின்று கட்டினார்கள்.

இது தூர தேசத்துப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் எதிர்த்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். எந்த முதலாளியின் மனமும் இளகி அது வாபஸாகவில்லை. பிட்ஸ்பர்க்கில் 100 வருஷத்துக்கு முன்பு கைவிடப்பட்ட 12 மணி நேரம் நம் கதவைத் தட்டியது. மறுபடியும் தட்டும். ஏனென்றால் தட்டுவது ஒரு தனி மனிதனின் ஆசை அல்ல.

ஆகவே, கோடி சேர்ந்த பின்னும் முதலாளி ஏன் ஓடுகிறார் என்று யாராவது மேடை போட்டு உங்களுக்கு உபதேசம் செய்தால், பதிலைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: அவர் ஓடவில்லை, ஓட்டப்படுகிறார், ஓட்டத்தின் கூலியை நாங்கள் கொடுக்கிறோம். அவர் மனம் திருந்தட்டும் என்று காத்திருப்பது வீண். வேலை நேரத்துக்கு வரம்பு, கூலிக்கு அடிமட்டம், சங்கத்துக்கு அங்கீகாரம், வயலில் உழைப்பவர்களுக்கும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி: இந்த நான்கு அணைகளையும் நாம்தான் கட்ட வேண்டும், கட்டியதை நாம்தான் காக்க வேண்டும்.

“போதும்” என்ற சொல் மூலதனத்தின் அகராதியில் கிடையாது. அதை அதன் காதில் உரக்கச் சொல்லும் பலம், சேர்ந்து நிற்கும் உழைப்பாளிகளிடம்தான் இருக்கிறது!