ஒரு வீடு கட்ட 30,000 டாலரா? வெளிநாடு போகும் சர்ச் குழுக்களால் யாருக்கு லாபம்?

கோடை விடுமுறை வந்துவிட்டால் அமெரிக்க ஏர்போர்ட்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரே நிற டி-ஷர்ட் போட்ட 15, 20 பேர், கூடவே ஒரு பாஸ்டர். சின்னதாக ஒரு ஜெபம், அப்புறம் ஒரு குரூப் போட்டோ. ஹோண்டுராஸ், குவாத்தமாலா, மெக்சிகோ என எங்காவது போய், ஒரு வாரம் பத்து நாள் தங்கி, ஏழைகளுக்கு வீடோ பள்ளிக்கூடமோ கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். இதற்கு 'ஷார்ட் டெர்ம் மிஷன்' என்று பெயர். கட்டுமானம் தவிர மருத்துவ முகாம், பைபிள் வகுப்பு என்று போகிறவர்களும் உண்டு. எல்லோரையும் சேர்த்தால் ஆண்டுக்கு சுமார் 16 லட்சம் அமெரிக்க சர்ச் உறுப்பினர்கள் இப்படி வெளிநாடு போகிறார்கள் என்று, 2005-ல் எடுத்த சர்வேயை வைத்து சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ மதிப்பிட்டார்.

லீவு போட்டு, கைக்காசு செலவழித்துப் போகிறவர்களின் நல்ல மனசை யாரும் சந்தேகப்படவில்லை. வீடு இல்லாமல் நிற்கிற குடும்பத்துக்கு இது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதுதான் கேள்வி.

ஹோண்டுராஸ் கணக்கு என்ன சொல்கிறது?

1998 அக்டோபர் கடைசியில் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவைப் புரட்டிப் போட்டது. 10,000 பேருக்கு மேல் பலியானார்கள். அதிகம் அடிபட்ட நாடு ஹோண்டுராஸ். வீடு கட்டித் தர வட அமெரிக்க சர்ச் குழுக்கள் வரிசையாக வந்தன. அதே சமயம் உள்ளூர் கிறிஸ்தவ அமைப்புகளும் உள்ளூர் ஆட்களை வைத்து வீடு கட்டின.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் கர்ட் வெர் பீக். அப்போது அமெரிக்காவின் கால்வின் கல்லூரியில் இருந்த சமூகவியலாளர், ஹோண்டுராஸிலேயே பல வருஷம் குடியிருப்பவர். அவர் கணக்குப்படி ஒரு குழு வந்து போக ஆகும் செலவு சராசரியாக 30,000 டாலர். உள்ளூர் அமைப்பு ஒரு வீட்டைக் கட்டி முடிக்க சுமார் 2,000 டாலர் போதும். அதாவது, ஒரு குழு செலவழிக்கும் காசில் 15 வீடு எழுப்பலாம். பெரும்பகுதி விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு என்று போய்விடுகிறது. வெளிநாட்டுக்காரர் கட்டிய வீட்டில் இருப்பவர்களுக்கும், உள்ளூர்க்காரர் கட்டிய வீட்டில் இருப்பவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

கொத்தனாருக்கு என்ன ஆகிறது?

புயலடித்த ஊரில் வீடு மட்டுமா போகிறது? வேலையும் போய்விடும். அந்த நேரத்தில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கிடைக்கவேண்டிய கூலி வேலையை, கரண்டி பிடித்தே பழகாத ஒரு கல்லூரி மாணவர் இலவசமாகச் செய்கிறார். செங்கல் சுமக்கவும் கலவை போடவும் விமானத்தில் ஆள் வரணுமா என்ற கேள்வி நியாயமானதுதான்.

2014-ல் ஒரு அமெரிக்கப் பெண் எழுதிய அனுபவம் இணையத்தில் பெரிய அளவில் பரவியது. சர்ச் குழு அல்ல, பள்ளிக் குழுவோடு தான்சானியா போனவர். ஒரு ஆதரவற்றோர் இல்லத்துக்கு நூலகம் கட்டுவது வேலை. மாணவிகள் பகல் முழுக்க கட்டிய சுவர் கோணல்மாணலாக இருந்ததால், உள்ளூர் ஆட்கள் ராத்திரியில் அதைப் பிரித்து மறுபடி கட்டினார்களாம், அதுவும் மாணவிகளுக்குத் தெரியாமல்.

அப்போ பணத்தை மட்டும் அனுப்பினால் போதுமா?

இங்கேதான் சிக்கல். 'ஹோண்டுராஸுக்கு வீடு கட்ட நன்கொடை' என்று உண்டியல் வைத்தால் வராத காசு, 'நம்ம சர்ச் பிள்ளைங்க போறாங்க' என்றால் வந்துவிடுகிறது. பயணமே இல்லைன்னா அந்த 30,000 டாலரில் பாதியாவது சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான். குழுக்கள் வாங்கும் சிமென்டும் கம்பியும் உள்ளூர்க் கடைக்குத்தான் வியாபாரம்.

'போய் வந்தவர்கள் வாழ்நாள் முழுக்க உதவுவார்கள்' என்பது ஆதரவாளர்களின் இன்னொரு வாதம். இது அவ்வளவு வலுவாக இல்லை. திரும்பி வந்த பிறகு அதிகம் கொடுப்பதாக நிறைய பேர் சொன்னாலும், அவர்களை அனுப்பிய அமைப்பின் நன்கொடைப் பதிவேட்டில் அது பெரிதாகத் தெரியவில்லை என்கிறது வெர் பீக்கின் ஆய்வு.

என்ன கட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். ஹைட்டியில் ஆதரவற்றோர் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் சுமார் 80 சதவீதம் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பதாகக் குழந்தை உரிமை அமைப்புகள் மதிப்பிடுகின்றன. வறுமையால் கொண்டுபோய் விடப்பட்டவர்கள். அங்கே புதுசாக ஒரு கட்டடம் எழும்பினால், அதை நிரப்ப வீட்டிலிருந்து இன்னும் குழந்தைகள் வருவார்கள். பாதுகாப்பும் சாதாரண விஷயமல்ல. 2021 அக்டோபரில் அப்படி ஒரு இல்லத்துக்குப் போய்த் திரும்பிய 17 மிஷனரிகளை ஹைட்டி கும்பல் ஒன்று கடத்தியது. ஐந்து குழந்தைகளும் அதில் இருந்தார்கள். கடைசி 12 பேர் வெளியே வர இரண்டு மாதம் ஆனது.

வேறு மாதிரி செய்பவர்களும் உண்டா?

உண்டு. 1976-ல் கிறிஸ்தவப் பின்னணியில் தொடங்கிய 'ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி' வீட்டை இலவசமாகத் தருவதில்லை. வீடு பெறும் குடும்பமும் உடல் உழைப்பைப் போடணும், கடனைத் தவணையில் கட்டணும். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் இந்த அமைப்புக்காக பல நாடுகளில் சுத்தியல் பிடித்தவர். 2006-ல் மகாராஷ்டிராவின் லோனாவாலாவுக்கும் வந்தார், 100 வீடுகள் கட்டும் வேலைக்காக. அப்போது அவருக்கு வயது 82. இவர்களுடைய வெளிநாட்டுப் பயணங்களிலும் டிக்கெட் செலவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தன்னார்வலர்கள் வராத மாதங்களிலும் உள்ளூர் கிளை அங்கே வீடு கட்டிக்கொண்டிருக்கும்.